கம்ப்ரசர் திரும்பத் திரும்ப ஜாம் ஆவது ஏன்?

கேள்வி: எங்களுடையது 2008 மாடல் டீசல் செடான், 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு கோடைக்கு முன்பு ஏ.சி. கம்ப்ரசர் ஜாம் ஆனது. ரீகண்டிஷன் செய்த ஒன்றைப் போட்டோம், 5 மாதம் வந்தது. அடுத்துப் புதிதே வாங்கிப் போட்டோம். 7 வாரத்தில் கிரீச்சென்று சத்தம், பெல்ட் கருகிய வாடை, அத்தோடு நின்றுவிட்டது. இரண்டு தடவையும் கம்ப்ரசர் மாற்றி, டிரையரை ‘கிளீன்’ செய்து, ஒன்றரை கேன் கேஸ் ஏற்றியதாகப் பில்லில் இருக்கிறது. பழைய வண்டி என்றால் இப்படித்தான் என்கிறார் மெக்கானிக். இன்னொன்று வாங்கலாமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: இப்போது வாங்காதீர்கள். வண்டி பழையது என்பதற்காகப் புதுக் கம்ப்ரசர் 7 வாரத்தில் சாகாது. முதல் கம்ப்ரசரைக் கொன்ற காரணம் இன்னும் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. முதலில் 5 மாதம், அடுத்தது 7 வாரம் என்று ஆயுள் குறைந்துகொண்டே வருவது எங்களுக்கு ஒன்றைச் சொல்கிறது: பழைய கம்ப்ரசர் அரைத்துத் துப்பிய அலுமினியத் தூள், கேஸ் ஓடும் பாதையான லைனில் தங்கிவிட்டது. கண்டென்சர் (ரேடியேட்டருக்கு முன்னால் நின்று சூடான கேஸைக் குளிர்விக்கும் பாகம்) மாற்றியதாக உங்கள் பில்லில் எங்குமே இல்லை என்பதும் இதற்குப் பொருந்துகிறது.

கழற்றிய கம்ப்ரசரைக் கடையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள். அதன் வாயைக் கவிழ்த்து, ஷாஃப்டைக் கையால் சுற்றி, உள்ளே இருக்கும் ஆயிலை ஒரு கண்ணாடி டம்ளரில் வடியுங்கள். அதில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு, விரலால் தேய்த்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெளிர் மஞ்சளாகத் தெளிவாக இருந்தால் நல்லது. வெள்ளிப் பொடி போல மினுமினுத்தால் உள்ளே பிஸ்டனோ, அதை முன்னும் பின்னும் தள்ளும் ஸ்வாஷ் பிளேட்டோ தேய்ந்திருக்கிறது. கறுத்துப் பிசுபிசுத்தால் அதிக சூட்டில் ஆயில் எரிந்திருக்கிறது. புளிப்பு வாடை அடித்தால் லைனில் ஈரம் புகுந்து அமிலம் உண்டாகியிருக்கிறது. வடிந்தது 20 மில்லிக்கும் குறைவு என்றால் கம்ப்ரசர் ஆயிலில்லாமல் வறண்டு செத்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

தூள் எங்கே போகிறது என்று பார்ப்போம். கம்ப்ரசரை விட்டு வெளியேறும் கேஸ் முதலில் கண்டென்சருக்குள் போகிறது, பிறகு டிரையர், பிரஷரைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு, கூலிங் காயில் வழியாகத் திரும்பக் கம்ப்ரசருக்கே வருகிறது. இன்றைய கண்டென்சர்களின் தட்டைக் குழாய்க்குள் ஒரு மில்லிமீட்டர் அளவிலான நுண்துளைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. தூள் அங்கேதான் அடைகிறது. ஃபிளஷ் திரவத்தை ஊற்றினால் அது திறந்திருக்கும் துளைகள் வழியாக ஓடிவிடும், அடைத்த துளை அடைத்தபடியே இருக்கும். அதனால்தான் தூள் கண்ட வண்டிக்குக் கண்டென்சரைக் கழுவாமல் மாற்றச் சொல்கிறோம். வளைந்து வளைந்து ஓடும் ஒற்றைக் குழாய் கொண்ட பழைய வகைக் கண்டென்சர் என்றால் மட்டும் ஃபிளஷ் செய்யலாம்.

அடைப்பினால் இரண்டு கேடு. ஹை சைடு (கம்ப்ரசரிலிருந்து கேஸ் வெளியேறும் பக்கம்) பிரஷர் ஏறிக் கம்ப்ரசருக்குச் சுமை கூடுகிறது. கேஸ் ஓட்டம் குறைவதால் அதோடு கலந்து வரவேண்டிய ஆயிலும் கம்ப்ரசருக்குத் திரும்புவதில்லை. கார் கம்ப்ரசர்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சினைப் போலத் தனி ஆயில் சம்ப் கிடையாது, கேஸ் சுமந்து வரும் ஆயில்தான் அதற்கு உயிர். போதாததற்கு மிக நுண்ணிய தூள் வால்வையும் தாண்டிப் புதுக் கம்ப்ரசருக்குள்ளேயே போய் அதையும் அரைக்கத் தொடங்கும்.

டிரையரைக் ‘கிளீன்’ செய்தோம் என்பதை ஏற்கவே முடியாது. அதன் உள்ளே இருப்பது ஈரத்தை உறிஞ்சும் மணிகள். லைனைத் திறந்து காற்றுப் பட்ட சில மணி நேரத்தில் அவை ஈரத்தைக் குடித்து நிறைந்துவிடும், கழுவினால் மீளாது. விலை குறைந்த பாகம்தான், ஒவ்வொரு முறையும் புதிதாகவே போடவேண்டும். மூடி கழற்றாத புது டிரையரைக் கடைசியாக, வேக்கம் போடுவதற்கு (லைனிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பதற்கு) சற்று முன்புதான் பொருத்தவேண்டும்.

அடுத்து கேஸ். ஒன்றரை கேன் என்கிறீர்கள். 450 கிராம் கேன் என்றால் அது 675 கிராம். பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். சிறு கார்களுக்கும் செடான்களுக்கும் பெரும்பாலும் 400 முதல் 600 கிராம் வரைதான் போட்டிருக்கும். அந்த அரை கேனைக் கையால் தூக்கிப் பார்த்துக் கணித்திருந்தால் கூடுதலாகவும் போயிருக்கலாம், குறைவாகவும் போயிருக்கலாம். கூடினால் பிரஷர் தாறுமாறாக ஏறும், குறைந்தால் ஆயில் திரும்பாது. லோ சைடு (கம்ப்ரசருக்குக் கேஸ் திரும்பி வரும் பக்கம்) கேஜைப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று நிறுத்துவது போதாது, எடை மிஷினில் வைத்துக் கிராம் கணக்கில் ஏற்றவேண்டும்.

வேலையை இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள். மீதமுள்ள கேஸைக் காற்றில் விடாமல் ரிக்கவரி மிஷினில் எடுக்கவேண்டும். பிறகு கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றும் புதிது. கூலிங் காயிலையும் ஹோஸ்களையும் ஏ.சி.க்கென்றே விற்கும் ஃபிளஷ் திரவத்தால் கழுவி, உலர்ந்த நைட்ரஜனால் ஊதி, வெள்ளைத் துணியில் தூள் வருவது நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். பெட்ரோல், தின்னர் கூடவே கூடாது. கடை ஏர் கம்ப்ரசரில் ஊதினால் அந்தக் காற்றில் உள்ள ஈரமும் உள்ளே போகும். ஆக்சிஜன் சிலிண்டரால் ஊதுவதோ உயிருக்கே ஆபத்து, ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். எல்லா ஓ-ரிங்கும் புதிது, மாட்டும்போது அதே ஆயிலைத் தடவவேண்டும்.

ஆயில் கணக்கில்தான் பல கடைகள் தவறுகின்றன. எந்த ஆயில் என்பது கம்ப்ரசர் உடலில் உள்ள லேபிளில் இருக்கும். பி.ஏ.ஜி. என்ற செயற்கை ஆயிலில் 46, 100, 150 எல்லாம் ஒன்றல்ல, எண் மாறினால் கெட்டித்தன்மை மாறும். புதுக் கம்ப்ரசர் சில சமயம் லைன் முழுவதற்குமான ஆயிலோடு, 120 மில்லியோ 150 மில்லியோ நிரம்பி வரும். ரீகண்டிஷன் ஆனது வெறுமையாகவே வருவதும் உண்டு. ஆகவே அளவுக் குவளையில் ஊற்றிப் பார்க்காமல் மாட்டக்கூடாது. லைன் முழுதும் கழுவியிருந்தால் வண்டிக்குரிய மொத்த அளவையும் போடவேண்டும். கழுவாமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால், பழையதிலிருந்து வடிந்த அளவுக்கு ஏற்பப் புதியதில் குறைத்து வைக்கவேண்டும். பி.ஏ.ஜி. ஆயில் காற்றின் ஈரத்தை விறுவிறுவென்று இழுக்கும். போன வாரம் திறந்த டப்பா வேண்டாம்.

மாட்டியபின் நைட்ரஜனை 150 பி.எஸ்.ஐ. பிரஷர் வரை ஏற்றிச் சோப்புத் தண்ணீரில் லீக் பார்த்து, வெளியே விட்டு, வேக்கம் பம்பை 45 நிமிடமாவது ஓட்டி, பம்பை நிறுத்தி 15 நிமிடம் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். எடை போட்டுக் கேஸ் ஏற்றியதும் வண்டியை ஸ்டார்ட் செய்யுமுன் கம்ப்ரசர் கிளட்ச் தட்டைக் கையால் 10, 15 சுற்றுச் சுற்றவேண்டும். உள்ளே தேங்கிய ஆயில் திரவமாகவே பிஸ்டன் முன் நின்றால் முதல் சுழற்சியிலேயே வால்வு தகடு உடையும். ஓடும்போது லோ சைடில் கேனைத் தலைகீழாகப் பிடித்துத் திரவமாக ஏற்றினாலும் அதே கதிதான்.

கடைசியாகச் சூடு. 35 டிகிரி வெயிலில், ஐடிலிங்கில், ஃபேன் ஓடும்போது லோ சைடு 30 முதல் 45, ஹை சைடு 200 முதல் 270 பி.எஸ்.ஐ. சுற்றில் இருக்கலாம். 300ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கண்டென்சர் மேல் தண்ணீர் தெளியுங்கள். முள் சட்டென்று இறங்கினால் காற்றோட்டம் போதவில்லை. இரட்டை வேக ஃபேனில் ரெசிஸ்டர் எரிந்து, மெதுவான வேகம் வராமல் போவது பழைய வண்டிகளில் மிகச் சாதாரணம். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கம்பளிபோலப் படிந்திருக்கும் தூசும் முன்னிருந்து பார்த்தால் தெரியாது. டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள்.

கேள்வி: டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது, மேக்னட் கிளட்ச் மட்டும் ஒரு வருடத்தில் மூன்று முறை எரிந்துவிட்டது.
(வாசகர், தேனி)

பதில்: கரண்ட் வந்ததும் காயில் காந்தமாகி, தட்டைப் புல்லியோடு ஒட்டவைத்துக் கம்ப்ரசரைச் சுற்றவைப்பதுதான் இந்தக் கிளட்ச். அது எரிவது பெரும்பாலும் வழுக்குவதால். ஏ.சி. ஓடும்போது அந்தக் காயில் ஒயரில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்து காயிலில் 11.5தான் வந்தால், இடையே ரிலேயோ எர்த்தோ கெட்டிருக்கிறது. எஞ்சின் பிளாக்கிலிருந்து சேஸிக்கு வரும் எர்த் ஒயரைக் கழற்றித் துருவைச் சுரண்டி மாட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். காயிலின் ரெசிஸ்டன்ஸ் குளிர்ந்த நிலையில் 3 முதல் 4.5 ஓம் வரை இருக்கவேண்டும். தட்டுக்கும் புல்லிக்கும் நடுவிலான இடைவெளியை ஃபீலர் கேஜால் மூன்று இடத்தில் அளங்கள்: பல மாடல்களில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர். கூடினால் உள்ளே இருக்கும் ஷிம் என்ற மெல்லிய வளையத்தை எடுத்துக் குறைக்கவேண்டும். தட்டில் எண்ணெய்ப் பூச்சு இருந்தால் ஷாஃப்ட் சீல் ஒழுகுகிறது. எத்தனை கிளட்ச் மாற்றினாலும் வழுக்கும்.

இன்னொன்றையும் அவசியம் பாருங்கள்: பிரஷர் சுவிட்சை யாராவது ஒயர் போட்டு நேரடியாக்கி வைத்திருக்கிறார்களா? கேஸ் குறைந்தால் சுமார் 30 பி.எஸ்.ஐ.யிலும், கூடினால் சுமார் 450 பி.எஸ்.ஐ.யிலும் கம்ப்ரசரை நிறுத்துவது அதுதான். ‘அடிக்கடி கட் ஆகுது’ என்று அதை நேரடியாக்கிவிட்டால் வண்டியைக் காக்க எதுவும் மிஞ்சாது. வேனுக்குப் பின்னாலும் கூலிங் காயில் இருந்தால் அதற்குத் தனி எக்ஸ்பான்ஷன் வால்வு உண்டு, நீண்ட ஹோஸும் உண்டு. ஸ்டிக்கரில் உள்ள எடைக்கு ஏற்றவேண்டும், கார் கணக்கு இங்கே செல்லாது.

கேள்வி: 1994 மாடல் காரில் பழைய ஆர்-12 ஏ.சி. அதில் ஆர்-134ஏ கேஸ் ஏற்றலாமா? முன்பு ஏற்றியபோது ஆறு மாதத்தில் கம்ப்ரசர் ஜாம் ஆனது.
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஏற்றலாம், ஆனால் கேஸை மட்டும் மாற்றினால் நடந்ததுதான் நடக்கும். ஆர்-12 லைனில் இருப்பது மினரல் ஆயில். அது ஆர்-134ஏயோடு கலக்காது, கூலிங் காயிலில் தேங்கிவிடும், கம்ப்ரசர் வறண்டுபோகும். மினரல் ஆயிலை வடித்துக் கழுவி எஸ்டர் ஆயில் போடுங்கள், அது மிச்சம் மீதியையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆர்-134ஏக்கு ஏற்ற டிரையர், ஹெச்.என்.பி.ஆர். ரப்பர் ஓ-ரிங், ஆர்-12 எடையில் 80 முதல் 90 விழுக்காடு கேஸ். கண்டென்சர் சிறியதாக இருந்தால் முன்னால் ஒரு ஃபேன் கூடுதலாக வையுங்கள்.

கேள்வி: விலை குறைந்த கேனில் அசல் கேஸ்தான் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழியுண்டா?
(வாசகர், கடலூர்)

பதில்: ஓரளவு உண்டு. கேனை நிழலில் இரண்டு மணி நேரம் வைத்து, அதே இடத்தின் வெப்பத்தை தெர்மாமீட்டரில் குறித்து, கேஜ் மாட்டிப் பாருங்கள். சுத்தமான ஆர்-134ஏ 25 டிகிரியில் சுமார் 82, 30 டிகிரியில் சுமார் 97, 35 டிகிரியில் சுமார் 114 பி.எஸ்.ஐ. காட்டும். இதிலிருந்து பெரிதும் விலகினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அளவு சரியாக வந்தாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. ஆர்-40 என்ற மெத்தில் குளோரைடை ஆர்-22 என்ற வேறொரு ஏ.சி. கேஸோடு கலந்து இதே பிரஷர் வரும்படி செய்கிறார்கள். ஆர்-40 அலுமினியத்தோடு வினைபுரியும். 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்து உயிர்ச்சேதம் ஆனது இந்தக் கலப்பினால்தான். கலப்பைக் கண்டுபிடிக்கும் ஐடென்டிஃபையர் மிஷின் உள்ள கடையில் ஒருமுறை சோதித்து வாங்குங்கள். சமையல் கேஸ் கலந்த கேனாக இருந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. லைனில் ஏற்கெனவே அப்படிப்பட்ட கேஸ் இருப்பதாகச் சந்தேகம் வந்தால், ஏ.சி.யை ஆன் செய்யாமல் நிறுத்திவைத்து, கேஸ் எடுக்கும் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.