தகரப் பெட்டிக்குள் ஏழு பேர்: கேள்வி பதில்

22 வருடம் சரக்குக் கப்பல்களில் என்ஜின் அறையில் இருந்தேன். கரைக்கு வந்தபிறகு உளவளத்துணை படித்தேன். இப்போது வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, பெரும்பாலும் கப்பல்காரர் குடும்பங்களோடு கதைப்பதுதான் வேலை. விண்வெளியில் நெடுநாள் இருந்தவர்களின் கதைகளைத் தேடித் தேடி வாசிப்பவன். ராக்கெட் எப்படி ஏறுகிறது என்று என்னைக் கேட்காதீர்கள். ஏறிப்போனவர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். சினிமாவில் பார்த்ததைக் கொண்டு வராதீர்கள்.

தெஹிவளை, ஏ.எல். மாணவி: விண்வெளியில் இருப்பவர்களுக்கு மிகப் பெரிய கஷ்டம் தனிமைதானே, சேர்?

இல்லை தங்கச்சி. தனியாக இருக்க முடியாததுதான் கஷ்டம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் வழக்கமாக ஏழு பேர். அதே ஏழு முகம், அதே ஏழு குரல், ஆறு மாதம். கோபம் வந்தால் கதவைச் சாத்திவிட்டு காலி முகத்திடலில் ஒரு சுற்று நடந்துவிட்டு வர முடியாது.

கப்பலில் எனக்கு மேலே ஓர் இரண்டாம் என்ஜினியர் இருந்தார். நல்ல மனுஷன். தேத்தண்ணிக்குச் சீனி கலக்கும்போது கரண்டியைக் கோப்பையில் பதினாலு தரம் தட்டுவார். எண்ணியிருக்கிறேன். முதல் மாதம் அது என் காதில் விழவேயில்லை. ஏழாம் மாதம் அந்தச் சத்தம் கேட்டால் எனக்குக் கை நடுங்கும். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை, சீனிதான் கலக்கினார். 1982இல் சோவியத் நாட்டின் சல்யூட் 7 விண்வெளி நிலையத்தில் இரண்டே இரண்டு பேர் 211 நாள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான லெபெதேவ் எழுதிய நாட்குறிப்பில் இந்தக் கரண்டிச் சத்த வகை எரிச்சல் நிறைய உண்டு.

இன்னொன்று. உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் முட்டிக்கொள்ளப் பயப்படுவார்கள், ஏனென்றால் நாளைக்கும் அதே முகம்தான். அந்தக் கோபம் தரையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையின் மேல் திரும்பும். ‘மேலே நாங்கள் படும் பாடு அவங்களுக்கு எங்கே விளங்கும்’ என்ற பேச்சு தொடங்கும். ரஷ்யர்களின் மிர் விண்வெளி நிலையத்திலும் பிறகு சர்வதேச நிலையத்திலும் நடந்த ஆய்வுகளில் இது தெளிவாகப் பதிவானது. எங்கள் கப்பலில் திட்டு வாங்கியது கொம்பனியின் கரை அலுவலகம்.

வெள்ளவத்தை, ஓர் அம்மா: அவ்வளவு நாள் மேலே இருந்தால் பைத்தியம் பிடிக்காதா?

பிடிக்காது அம்மா. அந்தச் சொல்லையும் பாவிக்க வேண்டாம். சோர்வு, எரிச்சல், நித்திரைக் குறைவு, மனம் ஒட்டாமை, இவைதான் வருவது. பொல்யகோவ் என்ற ரஷ்ய வைத்தியர் 1994 ஜனவரியிலிருந்து 1995 மார்ச் வரை, 437 நாள், மிர் நிலையத்தில் இருந்தார். இறங்கியதும் கலத்திலிருந்து பக்கத்து நாற்காலிக்குத் தன் காலாலேயே நடந்து போனார்.

பொரளை, இரவுப் பணி செய்யும் தாதி: 90 நிமிடத்துக்கு ஒரு விடியல் என்றால் எப்படி நித்திரை கொள்கிறார்கள்?

நல்ல கேள்வி. உங்களுக்குத்தான் இது வடிவாக விளங்கும். ஒரு நாளைக்கு 16 விடியல், 16 அந்தி. அதனால் ஜன்னலைப் பார்க்காமல் கிரீன்விச் நேரத்தைப் பார்த்து வாழ்கிறார்கள். ஆளுக்கு ஓர் அலுமாரி அளவு அறை, சுவரில் கட்டிய நித்திரைப் பை, ஓயாத மின்விசிறி இரைச்சல். எட்டரை மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தாலும் ஆறு மணி நேரமளவில்தான் தூங்குகிறார்கள் என்றும், முக்கால்வாசிப் பேர் நித்திரை மாத்திரை எடுத்தார்கள் என்றும் 2014இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. பிறகு நிலையத்து விளக்குகளையே மாற்றினார்கள்: காலையில் நீலம் கூடிய வெளிச்சம், படுக்கப் போகும் முன் நீலம் குறைந்தது.

2010–11இல் மொஸ்கோவில் ஆறு ஆண்களை 520 நாள் ஒரு கட்டடத்துக்குள் பூட்டி, பொய்யாக ஒரு செவ்வாய்ப் பயணம் நடத்தினார்கள். அதில் ஒருவருடைய உடல் கடிகாரம் மெல்ல மெல்ல 25 மணி நேர நாளுக்கு நழுவியது. மற்ற ஐந்து பேரும் விழித்திருக்க இவர் நித்திரை. அவர்கள் படுக்க இவர் எழும்புவார். ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவர் வேறு ஊரில் வாழ்ந்ததுபோல. அக்கா, இரவுப் பணி முடிந்து வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன வீட்டில் தனியாக இடியப்பம் சாப்பிடுவீர்களே, அதுதான்.

மருதானை: மேலே ஏலியன் நடமாட்டத்தை மறைக்கிறார்களாமே?

அடுத்த கேள்வி.

மட்டக்குளி: நாசாவில் சேர என்ன படிக்க வேண்டும்?

எனக்குத் தெரிந்த விஷயமில்லை தம்பி. கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனை, துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்: 1973இல் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் மூன்று பேரும் வேலைநிறுத்தம் செய்தார்களே. தொழிலாளி விஷயம் என்பதால் விட்டுவிட்டீர்களா?

அண்ணை, நடக்காததை எப்படிச் சொல்வது? கார், கிப்சன், போக் மூவரும் 1973 நவம்பர் 16 அன்று போனார்கள். மூவருக்கும் அதுதான் முதல் பயணம். முதல் நாளே போக் வாந்தியெடுத்தார். அதைத் தரைக்குச் சொல்லாமல் விடுவோம் என்று தங்களுக்குள் பேசினார்கள். அந்தப் பேச்சு நாடாவில் பதிவாகித் தரைக்கே போய்ச் சேர்ந்தது. பகிரங்கமாகக் கண்டிப்பு வாங்கினார்கள். முதலே உறவு கசந்தாயிற்று.

அப்புறம் வேலை அட்டவணை. முன்னால் இருந்த குழு 59 நாளில் பழகிப் பிடித்த வேகத்தை, புதிதாக வந்தவர்களிடம் ஆரம்பத்திலிருந்தே எதிர்பார்த்தார்கள். பிந்தினார்கள். பிந்தியதைப் பிடிக்க ஓய்வு நாளிலும் வேலை செய்தார்கள். டிசம்பர் 30 அன்று இரண்டு பக்கமும் மனம் விட்டுக் கதைத்தன. சாப்பாட்டு நேரத்தில் தொல்லையில்லை, சில்லறை வேலைகளை விரும்பிய நேரத்தில் செய்யலாம் என்று முடிவானது. 84 நாள் இருந்து, வேலையையும் முடித்துக்கொண்டு வந்தார்கள்.

கொட்டாஞ்சேனை, அதே அண்ணை: ரேடியோவை மூடியது பொய்யா? மூன்று பேரையும் மறுபடி விண்வெளிக்கு அனுப்பவில்லையே, அது பழிவாங்கல் இல்லையா? நீங்கள் அதிகாரி புத்தியில் பேசுகிறீர்கள்.

என்ஜின் அறையில் எண்ணெய் குடித்தவனை அதிகாரி என்கிறீர்கள், பரவாயில்லை. மூவரும் மாறி மாறி ரேடியோவைக் கவனித்தார்கள். ஒருமுறை, மற்றவர் பார்ப்பார் என்று மூவருமே விட்டுவிட்டார்கள் என்பது கிப்சன் சொன்னது. அந்தத் தவறு வாய்க்கு வாய் வளர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் என்ற கதையாகிவிட்டது. திரும்பப் போகவில்லை என்பது உண்மை. ஆனால் 1975இல் ரஷ்யர்களோடு சேர்ந்து போன ஒரு பயணத்துக்குப் பிறகு 1981 வரை அமெரிக்கா யாரையுமே அனுப்பவில்லை.

பம்பலப்பிட்டி, சட்டத்தரணி: இருவரும் ஒன்றைத்தான் சொல்கிறீர்கள். ‘சட்டப்படி வேலை’ என்று வைத்துக்கொள்வோமே.

அதுவும் இல்லை ஐயா. சட்டப்படி வேலை என்றால் ஓய்வு நாளில் ஓய்வு எடுத்திருப்பார்கள். இவர்கள் செய்தது அளவுக்கு மீறிய வேலை. சரி, கொட்டாஞ்சேனை அண்ணைக்கு ஒன்று விட்டுக்கொடுக்கிறேன்: மேலே இருந்தவர்கள் வாய் திறந்த பிறகுதான் கீழே இருந்தவர்கள் கேட்டார்கள். அதை வெற்றி என்று அவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அந்த நத்தாருக்குச் சாப்பாட்டுத் தகர டின்களை அடுக்கி ஒரு மரம் செய்தார்கள். போராட்டக்காரர் அதற்கு மினக்கெட மாட்டார்கள் என்று சொல்லவந்தேன்; எங்கள் ஊரில் செய்வார்கள்தான்.

கிராண்ட்பாஸ்: அவ்வளவு நாள் தனிமையில் பைத்தியம்...

மேலே பாருங்கள்.

வெள்ளவத்தை: அப்பாவின் செத்தவீட்டை என் தம்பி கனடாவிலிருந்து போனில் பார்த்தான். விசா பிரச்சினை, வர முடியவில்லை. இன்னும் சரியாகக் கதைக்கிறானில்லை. விண்வெளியில் இருப்பவருக்கு இப்படி நடந்தால்?

நடந்திருக்கிறது. 1977–78இல் சல்யூட் 6இல் இருந்த கிரெச்கோவின் தகப்பன் காலமானார். தரையில் இறங்கும்வரை அவருக்குச் சொல்லவில்லை. 2007 டிசம்பரில் டான் டானி என்ற அமெரிக்கரின் தாய் ரயில் கடவையில் விபத்தில் இறந்தார். அவருக்குச் சொன்னார்கள். அவரை இறக்க வேண்டிய விண்வெளி ஓடம் பழுதால் பிந்தியிருந்தது. திட்டப்படி போயிருந்தால் அதற்குள் வீடு வந்திருப்பார். வந்தது பெப்ரவரியில்.

எது சரி? மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் பக்கம். மறைத்தால், திரும்பி வந்தவர் சிரித்துக்கொண்டு கதைத்த ஒவ்வொரு நாளையும் பின்னால் போய் எண்ணுவார். நடுக்கடலில் எங்கள் சமையற்காரருக்கு ஒருமுறை மறைத்தோம். தாய் செத்து 11 நாளாகியும் அவர் எங்களுக்கு பாற்சோறு பொங்கிப் போட்டார். விஷயம் தெரிந்தபிறகு எங்களோடு அவர் கதைக்கவேயில்லை.

நிலையத்தில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை குடும்பத்தோடு முகம் பார்த்துக் கதைக்கலாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உளவியலாளரோடு தனியாகவும் பேசலாம். செவ்வாய்க்குப் போனால் அதுவும் இல்லை. ஒரு சொல் போய்ச் சேரவே 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம். ‘அம்மா போய்விட்டா’ என்று சொல்லிவிட்டு, மறுபக்கம் அழுவதைக் கேட்க முக்கால் மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டிவரும்.

உங்கள் தம்பியிடம் ஆறுதல் சொல்ல வேண்டாம். அன்றைக்கு யார் யார் வந்தார்கள், யார் தூக்கினார்கள், மழை பெய்ததா என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். போனில் தெரியாதது அதுதான்.

ஜிந்துப்பிட்டி: சாப்பாடு?

எடையில்லாத இடத்தில் மூக்கு அடைத்தாற்போல் இருக்கும், ருசி மங்கும். உறைப்புக்கு அடிபடுவார்கள். கட்டைச்சம்பலோடு போகிறவர் ராசா.

கொட்டாஞ்சேனை, அதே அண்ணை: வெற்றி என்று எழுதியதற்கு நன்றி. ஆனால் வேலைநிறுத்தம் நடந்தது.

சரி அண்ணை.

தெஹிவளை, ஏ.எல். மாணவி: சேர், அந்தக் கரண்டி என்ஜினியர் இப்போது எங்கே?

முகத்துவாரத்தில்தான் இருக்கிறார். மாதம் ஒருக்கா வீட்டுக்கு வருவார். தேத்தண்ணிக்குச் சீனியை நான் உள்ளேயே கலந்துதான் கொண்டுவந்து கொடுப்பேன்.