காற்று சுமந்து வரும் வானிலை: கேள்வி பதில்

கேள்வி: காற்றுத்திரள் என்கிறார்களே, சாதாரணக் காற்றிலிருந்து அது எப்படி வேறு?

பதில்: ஓரிடத்திலேயே பல நாள் கிடந்து ஊறிய காற்று அது. சைபீரியப் பனிவெளி மேல் கிடந்தால் குளிர்ந்து வறண்டிருக்கும். வெப்பமண்டலக் கடல் மேல் கிடந்தால் சூடேறி ஈரத்தைக் குடித்திருக்கும். அப்புறம் எங்கே போனாலும் அந்தக் குணத்தோடுதான் போகும். போகும் வழியில்தான் கொஞ்சம் கொஞ்சமாக மாறும்.

கேள்வி: இரண்டு திரள்கள் சந்தித்தால் கலந்துவிடாதா?

பதில்: உடனே கலக்காது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சூடான காற்றுக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழையும். இடையில் உள்ள எல்லைதான் வளிமுகம். ஆங்கிலத்தில் இதை 'ஃப்ரன்ட்' என்கிறார்கள். முதல் உலகப் போரை ஒட்டி நார்வேயின் பெர்கனில் வானிலை அறிஞர் வில்ஹெல்ம் பியர்க்னஸ் குழுவினர் போர்முனையை நினைத்து வைத்த பெயர்.

கேள்வி: வளிமுகம் வருவதை வானத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான். வெப்ப வளிமுகம் சாய்வு குறைந்தது. சூடான காற்று குளிர்ந்த காற்றின் முதுகில் மெல்ல ஏறும். அதனால் மழைக்கு ஒரு நாள் முன்பே உயரத்தில் இறகு மேகங்கள் தெரியும். பிறகு பால் போன்ற மெல்லிய திரை படரும், நிலவைச் சுற்றி வளையம் கட்டும். மேகம் தாழ்ந்து தடித்து, மணிக்கணக்கில் விடாத தூறல்.

குளிர் வளிமுகம் இவ்வளவு நேரம் தராது. செங்குத்தாக எழும் மேகம், பலத்த மழை, சில சமயம் இடி. காற்றழுத்தமானியைப் பாருங்கள்: இறங்கிக்கொண்டே வந்த முள், வளிமுகம் கடந்ததும் சட்டென்று ஏறும். காற்றின் திசையும் திரும்பிவிடும்.

கேள்வி: சில புயல்கள் மேற்கே போகின்றன, சில கிழக்கே. ஏன்?

பதில்: எந்தக் காற்றோட்டத்தில் சிக்குகிறது என்பதைப் பொறுத்தது. நிலநடுக்கோட்டருகே எழும் காற்று 30 பாகை அட்சரேகையை ஒட்டி இறங்கி, தரையோடு திரும்பி வரும்போது பூமியின் சுழற்சியால் மேற்காக வளைகிறது; இதுதான் வியாபாரக் காற்று. 30 முதல் 60 பாகை வரை மேற்கிலிருந்து வீசும் மேலைக் காற்று, கிழக்கே தள்ளும். அட்லாண்டிக் சூறாவளிகள் பல முதலில் மேற்கே வந்து, வடக்கே ஏறி, கடைசியில் கிழக்கே வளைவது இதனால்தான்.

கேள்வி: ஜெட் காற்றோட்டம்?

பதில்: சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் ஆறு போல ஓடும் காற்று, வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். அதன் நெளிவுகள் நகராமல் நின்றுவிட்டால் கீழே ஒரே வானிலை நாள்கணக்கில் நீடிக்கும்.

கேள்வி: வியாபாரக் காற்று என்ற பெயர் வணிகத்தால் வந்ததா?

பதில்: இல்லை. ஆங்கிலப் பெயரில் உள்ள 'டிரேடு' என்ற சொல்லுக்கு முன்பு 'தடம்' என்று பொருள், ஒரே தடத்தில் வீசும் காற்று. தடக்காற்று என்பதே சரியான தமிழ்.