ரோபோ வந்து விரலை விரிக்குமா?

சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் ஸ்ட்ரோக் (பக்கவாதம்) பற்றிப் பேசிவிட்டு இறங்கினேன், கையில் ஒரு கத்தைத் துண்டுச்சீட்டு. எல்லாம் கேள்விகள். அங்கே நேரம் போதவில்லை, இங்கே எழுதுகிறேன். நான் கைப் பயிற்சி கொடுக்கும் ஆள். மருந்து மாத்திரைக் கேள்விகளை டாக்டரிடம் கேளுங்கள்.

அக்கா, அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து நாலு மாசம். வலது கை விரல்கள் மடங்கியே இருக்கின்றன. ஷாப்பியில் ரோபோ கையுறை விற்கிறார்கள். வாங்கலாமா?

அது என்ன செய்கிறது என்று முதலில் பாருங்கள், தங்கச்சி. சின்ன பம்ப் காற்றை அடிக்கும், உறிஞ்சும். விரல் விரியும், மடங்கும். அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாலும் விரல் பாட்டுக்கு ஆடும். சிக்கலே அங்கேதான். மூட்டு இறுகாமல் இருக்க அது உதவலாம். ஆனால் கை திரும்ப வேலை செய்ய, ‘விரி’ என்ற உத்தரவு மூளையிலிருந்து கிளம்ப வேண்டும்.

ஆஸ்பத்திரிகளில் உள்ள சில கருவிகள் வேறு ரகம். ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் உருவான ஒன்று, முன்கைத் தோலில் ஒட்டிய உணரி வழியாகத் தசையின் மின்துடிப்பைப் படிக்கும். நோயாளி முயன்றால்தான் மோட்டார் விரலைத் தள்ளும். முயலாவிட்டால் சும்மா நிற்கும்.

வாங்கித்தான் தீருவேன் என்றால், அம்மா கையைப் பார்த்து, மனதுக்குள் ‘விரி’ என்று முக்கி முயலட்டும்; அப்புறம் பட்டனை அழுத்துங்கள். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர், கை மரத்துப்போனவர் என்றால், கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். விரல் கல்லாக இறுகியிருந்தால் மாட்டவே வேண்டாம். அதற்கு, இறுகிய தசையைத் தளர்த்தும் பொட்டாக்ஸ் ஊசி உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

ரோபோ இருக்கும் இடத்துக்குப் போனால் நிச்சயம் குணமா? இங்கே மாமாவை டப்பா அடுக்கத்தான் விடுகிறார்கள்.

டப்பா அடுக்குவதும் வைத்தியம்தான் ஐயா! பிரிட்டனில் 770 பேரை மூன்று பிரிவாக்கி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2019இல் முடிவு வந்தது. ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று நாள், 45 நிமிடம், 12 வாரம் ரோபோ பயிற்சி. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் கைத்திறனில் முந்தவில்லை. ஆனால் அதற்கு முந்திய ஆண்டு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 45 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு, கையின் பலத்திலும் அன்றாட வேலைகளிலும் ஓரளவு முன்னேற்றம் இருப்பதாகச் சொன்னது.

குழப்பமாக இருக்கிறதா? எனக்குத் தோன்றுவது இது. ஓர் அமெரிக்க ஆய்வில், சிகிச்சை நேரத்தில் நோயாளி கையால் செய்த உருப்படியான அசைவு சராசரி 32தான். விலங்குச் சோதனைகளிலோ நாளுக்கு 400, 600 என்று செய்ய வைத்தார்கள். எண்ணிக்கையைக் கூட்ட ரோபோ கெட்டிக்காரன், அலுக்காது. (எனக்கு முதுகு வலிக்கும்.) ஆனால் ரோபோவில் அசைந்த விரலுக்குத் தட்டு பிடிக்கத் தானாகத் தெரியாது. அதனால் மெஷினை விட்டு இறங்கியதும் டப்பாவுக்கு வரத்தான் வேண்டும்.

கணவர் செம்பனைக் குலை வெட்டுபவர், 48 வயது, பெர்கேசோ (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) உண்டு. எங்கே போவது?

பெர்கேசோ அலுவலகத்தில் ‘மீண்டும் வேலைக்கு’ திட்டம் என்று சொல்லி, கேஸ் மேனேஜரைக் கேளுங்கள். மலாக்காவில் அவர்களுடைய மறுவாழ்வு மையம் இருக்கிறது. நமக்குப் பக்கம் ஈப்போ, மேரு ராயாவில் உள்ள நியூரோ ரோபோட்டிக் மையம். தகுதி உண்டா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப் குழு அல்ல.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. இனி பயன் உண்டா?

முதல் சில மாதங்களில் வேகமாகத் திரும்பும், பிறகு மெதுவாகத்தான். விரல் கொஞ்சமாவது தானாக அசைந்தால் பயிற்சிக்கு இடமுண்டு. துளியும் அசையவில்லை என்றால், கடன் வாங்கி மெஷினில் போடாதீர்கள். மற்ற கையால் சட்டை போட, சாப்பிடப் பழக்குங்கள். வராத கையின் உள்ளங்கையைக் கழுவித் துடைத்து, நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

பாட்டியைக் கட்டிலிலிருந்து கையைப் பிடித்துத் தூக்கலாமா?

கூடவே கூடாது! தோள் போய்விடும்.

மாமியார் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். பந்து அமுக்கச் சொன்னால் கோபப்படுகிறார்.

நியாயமான கோபம். விரல் விரியாத கைக்கு அமுக்கும் பயிற்சி பெரும்பாலும் தேவையும் இல்லை. பிடிக்கத் தெரிகிறது, விடத்தான் தெரியவில்லை. ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம், பழைய கித்தா மங்கு ஒன்றைக் கொடுங்கள். மேசையிலிருந்து எடுத்து, கவிழ்த்து, பக்கத்தில் வைத்து விரலை விடட்டும். எத்தனை முறை என்று அவரே எண்ணட்டும், பாலை எடை போட்ட காலத்தில் எண்ணிப் பழகியவர்தானே. மங்கு இல்லையென்றால் காலி மைலோ டின் போதும், சின்ன டின்.