கட்டடங்கள் பெரும்பாலும் மிஞ்சாத மான்சனார் முகாமில் எதைப் பாதுகாக்கிறார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், நிலத்தை. போர்க்காலத்தில் மக்களை அடைத்துவைத்த இடத்தின் பாதை, தோட்டம், கல்லறை, வேலித் தடம் எல்லாவற்றையும் சேர்த்துக் காப்பதைத்தான் முகாம் நிலப்பரப்பைப் பாதுகாத்தல் என்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல் அமெரிக்க அரசு சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீடுகளிலிருந்து கிளப்பி முகாம்களில் அடைத்தது. அதில் ஒன்று கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் உள்ள மான்சனார். ஒரு கட்டத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள். போர் முடிந்ததும் தங்கும் கொட்டகைகளைப் பிரித்து அகற்றிவிட்டார்கள்.

ஆனால் பழைய வீடு இடிந்துபோனாலும் கிணற்றடியும் துவைக்கிற கல்லும் அங்கே குடியிருந்தவர்களைக் காட்டிக்கொடுக்கும் இல்லையா? அப்படித்தான் இங்கேயும். அடைபட்டவர்கள் அந்தப் பாலை நிலத்தில் குளமும் பாறைகளும் வைத்துத் தோட்டங்கள் அமைத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே வரிசையில் நிற்பவர்கள் பார்த்து ஆறுதலடையவும் சில தோட்டங்கள் இருந்தன. பிறகு மணல் மூடியதை இப்போது தோண்டி எடுத்திருக்கிறார்கள். காவல் கோபுரத்தைவிட இந்தக் குளங்கள்தான் அதிகம் பேசுகின்றன என்பது என் எண்ணம். அடைத்தவர்களின் ஆவணங்கள் அலுவலகங்களில் பத்திரமாக இருக்கும்; அடைபட்டவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு மண்தான் சாட்சி.

1969 முதல் ஆண்டுதோறும் அங்கே நினைவுப் பயணம் நடக்கிறது. 1992-ல் மான்சனார் தேசிய வரலாற்றுத் தலமானது.

அப்புறம், இதைப் போர்க்கைதிகள் முகாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அடைக்கப்பட்டவர்கள் பொதுமக்கள், மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள்.