சவர நுரை: கிண்ணத்திலா, கன்னத்திலா?

பிரஷ்ஷும் சோப்பும் கொண்டு முகச்சவரம் செய்துகொள்ளும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில், பிளேடு, ரேஸர் பற்றியவற்றை வேறொரு நாளைக்கு ஒதுக்கிவிட்டு, நுரை தொடர்பானவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். இவற்றுள் சில அவரவர் விருப்பத்தைப் பொறுத்தவை. சில தண்ணீரின் தன்மையைப் பொறுத்தவை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலரும் தேவையில்லாமல் புதுப்புது சோப்புகளை வாங்கிக் குவிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: ஐயா, கிண்ணத்தில் நுரை அடித்து முகத்தில் பூசுவது நல்லதா, முகத்திலேயே நேரடியாக அடிப்பது நல்லதா? (கோயம்புத்தூர்)

இது முழுக்க முழுக்க விருப்பம் சார்ந்தது. கிண்ணத்தில் அடிப்பவருக்கு நுரை கண்ணெதிரே உருவாவது தெரியும். தண்ணீர் போதவில்லை என்றால் உடனே பார்த்துச் சரிசெய்யலாம். ஆகவே புதிதாகத் தொடங்குபவருக்கு நான் கிண்ணத்தையே பரிந்துரைக்கிறேன். விலை கூடிய சவரக் கிண்ணம் எதுவும் தேவையில்லை, உட்புறம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும் சாதாரணப் பீங்கான் கிண்ணமே போதும்.

என் பழக்கம் வேறு. சோப்பின் மீது ஈரமான பிரஷ்ஷை அரை நிமிடம் சுழற்றி, பிறகு நனைந்த முகத்திலேயே நுரையை வளர்த்தெடுப்பேன். பிரஷ் சுழலும்போது முடியின் வேர்ப்பகுதி வரை ஈரம் சென்று சேர்கிறது. மோவாயிலும் தாடைக்குக் கீழும் படுத்துக்கிடக்கும் முடி நிமிர்கிறது. நுரை எந்த இடத்தில் வறண்டிருக்கிறது என்பதைத் தோலே சொல்லிவிடுகிறது. உள்ளங்கையில் அடிப்பவர்களும் உண்டு. நுரையின் பதத்தை விரலால் அறிய அதைவிடச் சிறந்த வழி இல்லை என்றாலும், வழுக்கும் கையால் ரேஸரைப் பிடிக்க நேர்வதால் நான் அதை விரும்புவதில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். எவ்வளவு நேரம் சுழற்றினாலும் நுரை ஒரு நிமிடத்தில் அடங்கி, கிண்ணத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிகிறது. சோப்பை மாற்ற வேண்டுமா? (சென்னைப் புறநகர்)

சோப்பை மாற்றுவதற்கு முன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். சவர சோப்பின் முதன்மையான பொருள் ஸ்டியரிக் அமிலத்தின் பொட்டாசியம், சோடியம் உப்புகள். தண்ணீரில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும் இவற்றைப் பற்றிக்கொண்டு, நீரில் கரையாத கால்சியம் ஸ்டியரேட் போன்றவற்றை உண்டாக்குகின்றன. நீங்கள் பார்க்கும் வெள்ளைப் படிவு அதுதான். அதாவது, பிரஷ்ஷில் ஏற்றிய சோப்பில் ஒரு பங்கு நுரையாவதற்கு முன்பே வீணாகிவிடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற ஏற்புடைய அளவையும், வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 600 மில்லிகிராம் வரை என்ற உச்ச அளவையும் வைத்திருக்கிறது. 600-க்கு அருகில் இருக்கும் தண்ணீரைக் குடிக்க முடிந்தாலும், அதில் நல்ல நுரையை எதிர்பார்க்க முடியாது.

வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால், அரை டம்ளர் தண்ணீர் பிடித்து அதிலேயே பிரஷ்ஷை நனைத்து, அதிலிருந்தே சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஒருநாள் அடித்துப் பாருங்கள். அதே சோப்பு, அதே பிரஷ், ஆனால் நுரை வேறாக இருக்கும். முகத்தைக் கழுவுவதற்கு வழக்கமான குழாய்த் தண்ணீரே போதும். ஆர்.ஓ. இல்லாதவர்கள் பிரஷ்ஷில் சோப்பைக் கூடுதலாக ஏற்றினால் ஓரளவு ஈடுகட்டலாம். உறையில் ‘டெட்ராசோடியம் ஈ.டி.டி.ஏ.’ என்று அச்சிட்டிருக்கும் சோப்புகள் கடின நீரைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். அந்தப் பொருள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. சிட்ரிக் அமிலமும் அதே வேலையைச் செய்யும். ஆனால் கைத்தவறிக் கூடுதலாக விழுந்தால் சோப்பையே முறித்துவிடும் என்பதால், அதை நான் ஊக்குவிப்பதில்லை. கேள்வி கோவையிலிருந்து வந்திருந்தால் இந்தப் பதிலே தேவைப்பட்டிருக்காது. சிறுவாணித் தண்ணீரில் எந்த சோப்பும் தாராளமாக நுரைக்கும்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று அளவாகச் சொல்ல முடியுமா? (திருச்சி)

மில்லிலிட்டர் கணக்குச் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஒவ்வொரு பிரஷ்ஷும் உள்ளே பிடித்துவைக்கும் தண்ணீர் வேறு வேறு. ஆனால் முறையைச் சொல்லலாம். பிரஷ்ஷை நனைத்து, இரண்டு மூன்று முறை நன்றாக உதறிவிட்டுத் தொடங்குங்கள். முதலில் பசை போன்ற கெட்டிக் குழம்பு வரட்டும். அதன் பிறகு பிரஷ்ஷின் நுனியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து விநாடி சுழற்றுங்கள். கடைந்த கெட்டித் தயிரின் பக்குவம் வந்ததும் நிறுத்தலாம்.

படங்களில் காட்டப்படும், மலைபோல் நிமிர்ந்து நிற்கும் நுரையைப் பலரும் இலக்காக வைத்துக்கொள்கிறார்கள். அந்த நுரையில் காற்றுதான் அதிகம். பார்ப்பதற்கு அழகு, பிளேடுக்கு உதவி குறைவு. நுரையின் வேலை இரண்டு: முடியை ஈரத்தில் ஊறவைப்பது, பிளேடை வழுக்கிக்கொண்டு போகச் செய்வது. இரு விரல்களுக்கிடையே சிறிது நுரையை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். விரல்கள் ஒட்டிப் பிடித்தால் தண்ணீர் போதாது. வழுக்கி, நுரையின் பரப்பில் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு இருந்தால் பதம் சரி. கண்ணுக்குத் தெரியும் குமிழிகள் வந்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது, அல்லது சோப்பு குறைவாக ஏறியிருக்கிறது. சந்தேகம் வந்தால் ஈரத்தின் பக்கமே சாயுங்கள் என்பது என் கட்சி. கெட்டி நுரையை விரும்புவோர் இதை ஒப்புக்கொள்வதில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுழலும் அறையில் அந்தக் கெட்டி நுரை முகத்திலேயே காய்ந்து பொருக்காவதை அவர்கள்தான் விளக்க வேண்டும்.

கேள்வி: சலூனில் அண்ணன் போடும் நுரை மட்டும் எப்படி அவ்வளவு நன்றாக வருகிறது? அதே கிரீமை வாங்கி வந்தும் எனக்கு வரவில்லை. (மதுரை)

அவர் உங்கள் முகத்தைப் பலமுறை நனைக்கிறார் என்பதைக் கவனித்தீர்களா? தெளிப்பான் குப்பியால் முதலில் ஒருமுறை, பிறகு நடுவில் ஒருமுறை. அவர் அவசரப்படுவதும் இல்லை. இரண்டு மூன்று நிமிட ஈரத்தில் முடி நன்கு இளகிவிடுகிறது. நாமோ கிரீமைப் பிதுக்கி அரை நிமிடத்தில் ரேஸரை எடுத்துவிடுகிறோம். கிரீமும் அவரிடம் தாராளம். வீட்டில் ஒரு முந்திரிப்பருப்பு அளவு போதும், ஆனால் அதற்குக் குறையக் கூடாது.

கேள்வி: கிரீமா, சோப்பா? (சேலம்)

அவசரமான காலைக்குக் கிரீம், ஓய்வான காலைக்கு சோப்பு. கிரீமில் முன்பே தண்ணீர் கலந்திருப்பதால் நுரை விரைவாக எழும். சோப்பில் பிரஷ்ஷைச் சுழற்றி ஏற்றும் வேலை கூடுதல். ஆனால் நுரையின் பதம் உங்கள் கையில் இருக்கும். எல்லா சோப்பும் ஒரே மாதிரி நுரைப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் தோன்றிய மிட்செல்ஸ் வுல் ஃபேட் சோப்பில் ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் சேர்கிறது. அதை நுரைக்க வைப்பது கடினம் என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் ஏராளம், அதையே வாழ்நாள் சோப்பாகக் கொண்டாடுபவர்களும் ஏராளம். இத்தாலியின் புரொராசோ பச்சை வகையில் யூக்கலிப்டஸும் மெந்தாலும் உண்டு. நம் சித்திரை வெயிலுக்கு அந்தக் குளிர்ச்சி இதம், மார்கழிக்கு எனக்கு வேண்டாம்.

கேள்வி: நான் சைவம். பிரஷ்ஷும் சோப்பும் விலங்குப் பொருள் இல்லாமல் கிடைக்குமா? பன்றி முடி பிரஷ் வீட்டுக்குள் வரக் கூடாது என்று என் நண்பர் ஒருவரும் கேட்கிறார். (நாகூர்)

இருவருக்கும் செயற்கை இழை பிரஷ் பொருந்தும். வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பொருள் அல்ல அது. கிரீமில் நுரை அடிக்க இன்று நான் முதலில் எடுப்பதே செயற்கை இழைதான். ஊறவைக்க வேண்டாம், விரைவில் காயும், சோப்பை வீணாக்காது. தண்ணீரைக் குறைவாகவே பிடித்துவைக்கும் என்பதால் இடையிடையே தொட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பன்றி முடி பிரஷ்ஷைச் சில நிமிடங்கள் ஊறவைக்க வேண்டும். பல வாரப் பயன்பாட்டில் நுனிகள் பிளந்து மென்மையாகும். பேட்ஜர் என்னும் வளைக்கரடியின் முடி நீரை நிறையப் பிடிக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். குதிரை முடி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகத் தொற்றுநீக்கம் செய்யப்படாத குதிரை முடி பிரஷ்களால் படைவீரர்களுக்கு அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் பரவிய வரலாறு உண்டு. இன்று நம்பகமான கடையில் வாங்குபவர் அதை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

சோப்பு உறையில் ‘சோடியம் டாலோவேட்’, ‘பொட்டாசியம் டாலோவேட்’ என்றிருந்தால் அது மாட்டுக் கொழுப்பு போன்ற விலங்குக் கொழுப்பிலிருந்து வந்தது. ‘பாமேட்’, ‘கோகோவேட்’ என்பவை முறையே பாமாயில், தேங்காய் எண்ணெய் வழி வந்தவை. ‘ஸ்டியரேட்’ என்று மட்டும் இருந்தால் மூலம் எதுவாகவும் இருக்கலாம்; பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தயாரிப்பாளரைக் கேளுங்கள்.

கேள்வி: வெந்நீர் கட்டாயமா? (வேலூர்)

கட்டாயமில்லை. ஸ்டியரேட் சோப்பு குளிர்ந்த நீரில் மெதுவாகக் கரையும் என்பதால், வெதுவெதுப்பான நீரில் நுரை சீக்கிரம் எழும். உங்கள் ஊரில் மே மாதம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே போதுமான சூட்டில் இருக்குமே! கொதிநீர் மட்டும் வேண்டாம், அது பிரஷ்ஷின் அடிப்பசையைக் கெடுக்கும்.

கேள்வி: நுரைக்கு முன் தேங்காய் எண்ணெய் தடவலாமா? (நாகர்கோவில்)

தடவுபவர்கள் பிளேடு நன்றாக வழுக்குகிறது என்கிறார்கள். எண்ணெய் நுரையைத் தணிக்கும், முடிக்குள் நீர் இறங்குவதையும் தாமதப்படுத்தும் என்பதால் நான் தவிர்க்கிறேன். விட மனமில்லை என்றால் முகத்தை நன்றாக நனைத்த பிறகு ஓரிரு சொட்டுடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: முகத்தில் பரு இருக்கிறது. பிரஷ் போடலாமா? (தஞ்சாவூர்)

முகத்தில் வைத்துச் சுழற்ற வேண்டாம். கிண்ணத்தில் அடித்து, மென்மையான செயற்கை இழை பிரஷ்ஷால் சுவருக்கு வண்ணம் பூசும் வாக்கில் மேலும் கீழுமாகப் பூசுங்கள். சீழ் கட்டிய பரு இருந்தால் அது ஆறும்வரை சவரத்தையே தள்ளிப்போட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: முதல் முறை முடியின் போக்கிலும் அடுத்து எதிர்ப்போக்கிலும் மழிக்கிறேன். இரண்டாவது சுற்று வருவதற்குள் கிண்ணத்து நுரை தளர்ந்துவிடுகிறது. புதிதாக அடிக்க வேண்டுமா? (ஈரோடு)

வேண்டியதில்லை. கிண்ணத்தில் இருப்பதைவிட பிரஷ்ஷின் அடிப்பகுதியில் இருக்கும் நுரையே நன்றாகத் தங்கும். ஆகவே முதல் சுற்றுக்குப் பின் முகத்தை நனைத்து, பிரஷ்ஷின் நுனியைத் தண்ணீரில் ஒருமுறை தொட்டு, அடியிலிருந்து மேலாக லேசாகப் பிழிந்து பூசுங்கள். அப்படியும் நுரை தங்கவில்லை என்றால், தொடக்கத்தில் சோப்பு குறைவாக ஏறியிருக்கிறது என்று பொருள். நாளை இன்னும் பத்து விநாடி கூடுதலாகச் சுழற்றி ஏற்றுங்கள். எதிர்ப்போக்குச் சுற்றுக்கு முதல் சுற்றைவிடச் சற்று நீர்த்த நுரையே எனக்குப் பிடிக்கும், ஏனெனில் அப்போது முடி குட்டையாக இருப்பதால் வழுக்கல்தான் முக்கியம்.