கேரட்டா, முருங்கைக்கீரையா? காய்கறி நிறங்கள் பற்றிக் கேள்வி பதில்

என் மகளுக்கு தினமும் கேரட் ஜூஸ் கொடுக்கிறேன். உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. காமாலையா? (அண்ணாநகர், மதுரை)

முதலில் கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள் அக்கா. அது வெள்ளையாகவே இருந்து, உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கோரம் மட்டும் மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் தோலில் தங்கிய, கேரட்டின் ஆரஞ்சு நிறமியான பீட்டா கரோட்டின்தான். ஜூஸைக் குறைத்தால் மெதுவாகப் போய்விடும். கண் மஞ்சளாக இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், கேரட் ஜூஸ் குடித்தால் கண்ணாடி பவர் குறையும் என்று நினைத்துக் கொடுத்தால், அது குறையாது.

பச்சைக் கீரையில் ஆரஞ்சு நிறச் சத்து எப்படி? (பரவையில் கீரை விற்பவர்)

இருக்கிறது அண்ணே, பச்சையம் மறைத்துக்கொண்டிருக்கிறது. முருங்கை இலை பழுக்கும்போது பச்சையம் சிதைந்து, அடியில் இருந்த கரோட்டினாய்டு (பீட்டா கரோட்டின் சேர்ந்த நிறமிக் குடும்பம்) மஞ்சளாகத் தெரியும். செடி அதை நமக்காகச் செய்வதில்லை. நீல ஒளியைப் பிடித்துப் பச்சையத்துக்குக் கொடுக்க அது வேண்டும். அதைவிடப் பெரிய வேலை காவல். நம் ஊர் சித்திரை வெயிலில் இலைமேல் விழும் ஒளி, இலை உணவு தயாரிக்கப் பயன்படுத்தக்கூடிய அளவைத் தாண்டிவிடும். அப்போது இலையில் உள்ள வயலாசாந்தின் என்ற கரோட்டினாய்டு சில நிமிடங்களில் சியாசாந்தின் என்ற இன்னொரு கரோட்டினாய்டாக மாறி, மிஞ்சிய ஆற்றலை வெப்பமாக வெளியேற்ற உதவும். இல்லாவிட்டால் இலை கருகும். அதே சியாசாந்தினும், அதன் இனமான லூட்டீனும்தான் நம் விழித்திரையின் நடுவிலும் இருந்து நீல ஒளியை வடிகட்டுகின்றன.

சிவப்புத் தண்டுக்கீரை, பீட்ரூட், தக்காளி எல்லாம் ஒரே நிறமியா? (திருமங்கலம்)

முதல் இரண்டிலும் அந்தச் சிவப்பு பீட்டலைன் என்ற நிறமி, தண்ணீரில் கரையும். தக்காளியின் லைக்கோபீன் எண்ணெயில் கரையும். தொக்கு சுண்டியதும் ஓரத்தில் பிரிகிற எண்ணெய் செம்மஞ்சளாக இருப்பது அதனால்தான். ஆனால் லைக்கோபீன் வைட்டமின் ஏ ஆகாது. பீட்டா கரோட்டின் ஆகும். அதுவும் உணவில் 12 மைக்ரோகிராம் போனால் 1 மைக்ரோகிராம் அளவுக்குத்தான்.

எண்ணெயே சேர்க்காமல் கீரையை அவித்துச் சாப்பிடலாமா? (உசிலம்பட்டி)

சாப்பிடலாம், ஆனால் கரோட்டினும் எண்ணெயில் கரைவதுதான், எண்ணெய் இல்லாமல் உடலில் சரியாகச் சேராது. ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயோ தேங்காய்த் துருவலோ போதும். முருங்கைப்பொடிக்கு இலையை நிழலில் காயவையுங்கள். வெயில் கரோட்டினை அழித்துவிடும்.

சிகரெட் பிடிப்பேன். பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரலைக் காக்குமா? (மேலூர்)

வேண்டாம் தம்பி. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் கூடியது. 1994-இல் முடிவு வந்தது. கீரை, பூசணி தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரையையும் சிகரெட்டையும் விடுங்கள்.