பிளேடைத் திட்டாதீர்கள், ட்யூபைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். தினமும் ஓமலூர் பக்கம் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு வருடமாக, பல பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜை விட்டுவிட்டு ஒற்றை பிளேடு சேஃப்டி ரேசரில் ஷேவ் செய்கிறேன். ஃபெதர், டெர்பி, செவன் ஓ கிளாக் என்று பிளேடுகள், பிரஷ், விதவிதமான க்ரீம் எல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. கழுத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் வருகின்றன. தாடைக்குக் கீழே வட்டமாக அரிப்பு. மெடிக்கலில் கொடுத்த ட்யூபைப் போட்டால் அடங்குகிறது, விட்டால் முன்னைவிடப் பெரிதாக வருகிறது. நாலு மாதமாக இதே கதை. படிகாரம் தாங்க முடியாமல் எரிகிறது. சேலம் தண்ணீரில் நுரை நிற்பதில்லை. ஏற்காட்டில் மச்சான் எஸ்டேட்டுக்குப் போனால் நுரையும் நன்றாக வருகிறது, கட்டியும் குறைகிறது. செவ்வாய்ப்பேட்டையில் பழைய பித்தளை ரேசர் ஒன்று வாங்கி, புது பிளேடு போட்டு ஷேவ் செய்தேன். முதல் நாளே வெட்டிவிட்டது. அதன் பிறகு தாடைக்கு அடியில் நெறி கட்டியிருக்கிறது. மனைவிக்கும் இடுப்பில் அரிப்பு என்கிறாள். ரத்தப் பரிசோதனை ஏதாவது செய்துகொள்ள வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அந்தப் பழைய ரேசரால் உங்களுக்கு எச்.ஐ.வி. வராது. நீங்கள் அப்படிக் கேட்கவில்லை, தெரியும். ஆனால் பழைய ரேசர், வெட்டுக்காயம், நெறி, மனைவிக்கு அரிப்பு, கடைசியில் ரத்தப் பரிசோதனை என்று வரிசைப்படுத்தி எழுதுகிறவர் ராத்திரி படுத்துக்கொண்டு செல்போனில் எதைத் தேடியிருப்பார் என்று ஊகிக்கப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை.

உடம்பை விட்டு வெளியே வந்து காய்ந்துபோன ரத்தத்தில் அந்தக் கிருமி தாக்குப்பிடிக்காது. கடையில் எத்தனையோ நாள் தூசி தின்றுகொண்டு கிடந்த பித்தளையில் அதற்குப் பிழைப்பே இல்லை. போதாததற்கு உங்களை வெட்டியது நீங்களே உறை பிரித்துப் போட்ட புது பிளேடு. வேறு ஏதாவது காரணத்துக்காகச் சந்தேகம் இருந்தால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், விஷயம் வெளியே போகாது. 1097-ல் கூப்பிட்டும் பேசலாம். ரேசரைக் காரணம் காட்டிப் போக வேண்டாம்.

பிளேடு விஷயத்தில் பயப்பட வேண்டியது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்குத்தான். அது வெளியே காய்ந்த பரப்பிலும் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். இந்த ரேசர் பொழுதுபோக்கில் இறங்கியவர்கள் ‘இந்த பிளேடை ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்’ என்று நண்பருக்குக் கொடுப்பார்கள். உறை பிரிக்காததைக் கொடுங்கள், வாங்குங்கள். ஒருவர் ஷேவ் செய்த பிளேடு அண்ணன் தம்பிக்குள்கூடக் கைமாறக் கூடாது. தடுப்பூசி போடவில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று டோஸ், இன்று, ஒரு மாதத்தில், ஆறாம் மாதத்தில். ரேசர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் போட வேண்டிய ஊசிதான் அது.

நெறி கட்டியதற்கு வருவோம். கால் விரலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். முகத்துத் தோலில் புண்ணும் அரிப்பும் இருந்தால் தாடைக்கு அடியில் கட்டும், அவ்வளவுதான். விரலால் தள்ளினால் நகர்கிறதா, அமுக்கினால் வலிக்கிறதா? அப்படியானால் அது தன் வேலையைச் செய்கிறது. கல் மாதிரி கெட்டியாக, வலியில்லாமல், நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனாலோ, முகம் சரியான பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே நின்றாலோ காட்டுங்கள். அதுவரை தினமும் கண்ணாடி முன்னால் நின்று அதை நசுக்கிப் பார்க்காதீர்கள். நசுக்கினாலே வீங்கும்.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன வரி. ‘ட்யூபைப் போட்டால் அடங்குகிறது, விட்டால் முன்னைவிடப் பெரிதாக வருகிறது.’ எனக்குத் தூக்கிவாரிப்போட்டது நெறியைப் படித்தபோது இல்லை, இதைப் படித்தபோதுதான்.

வட்டமாக வருகிறது. அரிக்கிறது. வீட்டில் இன்னொருவருக்கு இடுப்பில், அதாவது பாவாடை நாடாவோ சுடிதார் கயிறோ இறுக்கி வேர்க்கும் இடத்தில், அரிக்கிறது. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் இது பூஞ்சையால் வரும் படர்தாமரையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த ட்யூபைக் கையில் எடுத்துப் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் – இதில் ஏதாவது ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். கூடவே ஒரு ஆன்டிபயாட்டிக்கும் ஒரு பூஞ்சை மருந்தும் சேர்த்திருப்பார்கள். முதலில் சொன்னவை எல்லாம் ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சையோடு சண்டை போடும் உங்கள் உடம்பின் கையைக் கட்டிப்போடும். சண்டை நின்றதும் சிவப்பும் அரிப்பும் போய்விடும்; ஆஹா, நல்ல மருந்து என்று நீங்கள் நினைப்பீர்கள். அந்தப் பக்கம் பூஞ்சை நிம்மதியாகப் பரவிக்கொண்டிருக்கும். நிறுத்திய நாலாம் நாள் வட்டம் பெரிதாகி, உள்ளுக்குள் இன்னொரு வட்டம் போட்டுக்கொண்டு வெளியே வரும். உடனே மறுபடி ட்யூப். இப்படி நாலு மாதம் பூசினால் படர்தாமரைக்கு உண்டான தெளிவான ஓரமே அழிந்துபோய், தோல் மருத்துவரையே ஒரு நிமிடம் யோசிக்க வைக்கிற உருவத்துக்கு வந்துவிடும்.

இந்தியா முழுக்க இப்போது தோல் மருத்துவர்களின் தலைவலி இதுதான். முன்பெல்லாம் இரண்டு வாரம் களிம்பு பூசினால் போய்க்கொண்டிருந்த படர்தாமரை இப்போது மாதக்கணக்கில் மாத்திரை கேட்கிறது. ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று 2020-ல் பெயர் வைக்கப்பட்ட பூஞ்சை வழக்கமான மாத்திரைக்கே பல பேரிடம் மசிவதில்லை. இந்தக் கலவை ட்யூப்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. மேலே பூசும் ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே ஷெட்யூல் எச்-சில் சேர்த்தாகிவிட்டது. ட்யூப் அட்டையில் சிவப்புக் கோடும் எச்சரிக்கையும் இருக்கும். அதைப் படிக்காமல் கொடுத்தவரைச் சொல்வதா, ‘அண்ணா, அரிப்புக்கு ஏதாவது கொடுங்க’ என்று கேட்டு வாங்கியவரைச் சொல்வதா?

உங்கள் மற்ற புகார்களில் பாதிக்கும் பதில் இந்த ட்யூபில்தான் இருக்கிறது. ஸ்டீராய்டு நாள்பட முகத்துத் தோலை மெலிதாக்கும். மெலிந்த தோலில் எந்த பிளேடும் வெட்டும், எந்தப் படிகாரமும் எரியும். முகப்பரு மாதிரி கட்டிகளையும் அதுவே கிளப்பும். நீங்கள் பாவம், ஃபெதர் கூர் அதிகம், டெர்பிக்கு மாறுவோம், க்ரீமில் மென்த்தால் இருக்கிறது, வேறு வாங்குவோம் என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் மாற்றினீர்கள், இதை மட்டும் தொடர்ந்து பூசினீர்கள்.

செய்ய வேண்டியது: இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள். ட்யூபைக் கையோடு எடுத்துப் போங்கள். வெட்கப்பட்டு வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வட்டத்தின் ஓரத்தை லேசாகச் சுரண்டி, மருந்து ஊற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சையின் நூல்கள் அங்கேயே தெரிந்துவிடும். ட்யூபை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நாலு மாதம் பழகிய முகம் நிறுத்தியதும் ஒன்றிரண்டு வாரம் சிவந்து கொதிக்கும். அந்தச் சமயத்தில் பயந்துபோய் மறுபடி பூசுகிறவர்கள்தான் அதிகம். அதனால் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். என்ன மாத்திரை என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கு அதே மெடிக்கலில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பீர்கள்.

மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும். துண்டு தனித்தனி. உள்ளாடைகளை வெந்நீரில் துவைத்து, உட்புறத்தை வெளியே திருப்பி நல்ல வெயிலில் காயப் போடுங்கள். சேலத்தில் வெயிலுக்கா பஞ்சம்?

இன்னொன்று. உங்கள் ஹெல்மெட்டின் தாடைப் பட்டையைப் பாருங்கள். ஓமலூர் ரோட்டில் போக வர, வேர்வையில் ஊறி, உப்புப் பூத்து, கறுத்துப் போயிருக்கும். அது சரியாக உங்கள் வட்டம் இருக்கும் இடத்தில்தான் உராய்கிறது. எந்த க்ரீம் நல்லது என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் யாரும் இந்தப் பட்டையைத் துவைப்பதில்லை. வாரம் ஒரு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்துக் காய வையுங்கள். கழற்ற முடியாத பட்டை என்றால் அடியில் ஒரு பருத்தித் துணியைச் சுற்றி, அதைத் தினமும் மாற்றுங்கள்.

குணமாகும் வரை அந்த இடத்தில் பிளேடு வேண்டாம். வட்டத்தின் மேல் ஓடிய பிளேடும் பிரஷும் பூஞ்சையை முகம் முழுக்க விதைத்துவிட்டுப் போகும். ட்ரிம்மரில் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், ஆபீசில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இப்போது ரேசரில் இருக்கும் பிளேடைத் தூக்கிப் போடுங்கள். பழைய ரேசரைச் சுடுநீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்தால் போதும்.

கழுத்துக் கட்டிகளில் கொஞ்சம் உண்மையாகவே ஷேவிங்கால் வருபவை. வெட்டிய முடியின் நுனி சுருண்டு திரும்பத் தோலுக்குள்ளேயே குத்துவதால் வருபவை. சுருட்டை முடிக்காரர்களுக்கு இது ஜாஸ்தி. கார்ட்ரிட்ஜில் முதல் பிளேடு முடியை இழுக்கும், அடுத்தது தோலுக்கும் கீழே வெட்டும். வெட்டுப்பட்ட நுனி உள்ளே போய்விடும். ஒற்றை பிளேடு தோல் மட்டத்தில் நிறுத்திக்கொள்கிறது. ஆகவே கார்ட்ரிட்ஜை விட்டது நல்ல முடிவு, இதைக் கெடுத்தது உங்கள் கை. முடி வளரும் போக்கில் ஒரு தடவை, வேண்டுமானால் குறுக்கே ஒரு தடவை. சலூனில் மாதிரி ரிவர்ஸ் போட்டு மழமழவென்று ஆக்கப் பார்க்காதீர்கள். கழுத்தில் முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று இரண்டு நாள் தாடியோடு விரலால் தடவிப் பாருங்கள். பலருக்கு ஒரு பக்கம் கீழ்நோக்கியும் மறுபக்கம் காதை நோக்கியும் இருக்கும். ரேசரின் கனமே வெட்டிவிடும், அழுத்த வேண்டாம். நாலைந்து ஷேவுக்கு ஒரு பிளேடு. உருக்காலை ஊர்க்காரருக்கு விளிம்பு மழுங்குவதைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏற்காட்டில் சரியாவது மலையின் மகிமை இல்லை. அங்கே வேர்வை குறைவு, தலையில் ஹெல்மெட் இருக்காது, லீவு நாள் என்று தினமும் ஷேவ் செய்தும் இருக்க மாட்டீர்கள். நுரை விஷயம் வேறு. உங்கள் வீட்டில் போர் தண்ணீராக இருந்தால், மாக்னசைட் என்ற மக்னீசியத் தாதுவை வெட்டி எடுக்கும் ஊரின் போர் தண்ணீர் அது. அதில் இருக்கும் மக்னீசியமும் கால்சியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாகிவிடும், நுரை நிற்காது. மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் ஒரு சொம்பு பிடித்து வைத்து அதில் ஷேவ் செய்யுங்கள். ஒரு டப்பா க்ரீமின் காசு மிச்சம்.

படிகாரம் தப்பில்லை, தோல் தேறிய பிறகு போடுங்கள். தேங்காய் எண்ணெய், கற்றாழை – பூசுங்கள், கெடுதல் இல்லை, குணமும் எதிர்பார்க்க வேண்டாம். எலுமிச்சம்பழம் வேண்டவே வேண்டாம். தழும்பு கறுத்திருப்பது தானாக மங்கும், மாதங்கள் ஆகும்; அதற்கென்று இன்னொரு ட்யூப் வாங்கினீர்கள் என்றால் அதிலும் ஸ்டீராய்டு இருக்கலாம்.

கழற்றிய பிளேடைக் குப்பைக் கவரில் போடாதீர்கள். காலையில் அதைக் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளரின் விரலில்தான் இறங்கும். ஒரு தகர டப்பாவின் மூடியில் உண்டியல் மாதிரி கீறல் போட்டு, அதில் சேர்த்து வையுங்கள்.